பிட்லாக்கர் போட்டா லேப்டாப் ஸ்லோ ஆகுமா? நான் பட்ட பாடும் நீங்க பண்ண வேண்டியதும்

திருப்பூர்ல கணக்கு எழுதுறவங்களுக்கு தெரியும், வெளிநாட்டு பையர் ஒருத்தர் இருந்தா போதும், அவர் பனியன் கம்பெனிகிட்ட கேக்குற பேப்பரெல்லாம் சுத்தி சுத்தி கடைசில நம்ம டேபிளுக்குத்தான் வரும். போன வருஷம் அப்படி வந்த ஒரு ஃபார்ம்ல, எங்க கணக்கு இருக்குற எல்லா கம்ப்யூட்டர்லயும் முழு டிஸ்க் என்கிரிப்ஷன் (சாவி இல்லாம யாரும் படிக்க முடியாதபடி டிஸ்க்ல இருக்குற எல்லாத்தையும் பூட்டி வைக்கிறது) போட்டிருக்கா, போட்டிருந்தா ஆதாரம் அனுப்புங்கன்னு ஒரு கேள்வி. நானும் பெருசா யோசிக்காம அன்னைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு என்னோட பழைய லேப்டாப்ல, இந்த வேலைக்குன்னே விண்டோஸ்ல இருக்குற பிட்லாக்கரை ஆன் பண்ணிட்டு தூங்கப் போயிட்டேன். அன்னைக்கு தேதி 18. இருபதாம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பிங்கிற ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு கடைசி நாள், பதினோரு கிளையண்ட் பாக்கி.

காலைல எழுந்து பாத்தா 34 சதவீதத்துல நிக்குது. கணக்கு எழுதுற சாஃப்ட்வேரான டேலியை கிளிக் பண்ணா எழுந்து போய் காபி போட்டு குடிச்சுட்டு வந்து உக்காந்த பிறகுதான் ஓப்பன் ஆகுது. லெட்ஜர்ல கீழ் அம்புக்குறி அமுக்குனா ரெண்டு செகண்ட் கழிச்சுதான் நகருது. என்கிரிப்ஷன் போட்டா கம்ப்யூட்டர் செத்துரும்னு எல்லாரும் சொன்னது உண்மைதான் போலன்னு முடிவே பண்ணிட்டேன். அப்புறம் ஒரு வாரம் உக்காந்து படிச்சு, அளந்து, ரெண்டு லேப்டாப்ல மாத்தி மாத்தி போட்டுப் பாத்ததுல, நான் திட்டின பாதி விஷயத்துக்கு என்கிரிப்ஷன் காரணமே இல்லைன்னு தெரிஞ்சுது. மிச்சப் பாதிக்கு காரணம் நான்தான். நீங்க அந்த ஒரு வாரத்தை வீணாக்க வேண்டாம்னுதான் இதை எழுதுறேன். பெரும்பாலும் விண்டோஸ் பத்தித்தான், லினக்ஸ், மேக் ஆளுங்களுக்கு கடைசி பக்கத்துல கொஞ்சம் இருக்கு.

1. முதல்ல உங்க மெஷின் எந்த ரகம்னு பாருங்க

ஸ்லோ ஆகுமா ஆகாதாங்கிற கேள்விக்கு தொண்ணூறு சதவீத பதில் இந்த ஸ்டெப்லயே கிடைச்சிரும், அதனால இதை தாண்டிப் போயிராதீங்க.

பாக்க வேண்டியது ரெண்டே விஷயம், ப்ராசஸர் என்ன, டிஸ்க் என்ன. பிட்லாக்கர் டேட்டாவை பூட்டுறதுக்கு ஏஇஎஸ்னு ஒரு முறையை யூஸ் பண்ணுது. இந்தக் கணக்கை போடறதுக்குன்னே தனி இன்ஸ்ட்ரக்ஷன் ப்ராசஸருக்குள்ள வெச்சிருப்பாங்க, பேரு ஏஇஎஸ்-என்ஐ. இன்டெல்ல 2010ல இருந்து வருது, ஏஎம்டில 2011ல இருந்து. அப்போ 2010க்கு அப்புறம் வந்த எல்லா மெஷின்லயும் இருக்கும்னு நினைச்சீங்கன்னா அங்கதான் மாட்டுவீங்க, நான் மாட்டினதும் அங்கதான். இன்டெல் இதை ஐ5, ஐ7க்கு மட்டும் குடுத்துட்டு ரெண்டாம் தலைமுறை ஐ3க்கு குடுக்கல. என் பழைய லேப்டாப் ஐ3-2310எம், 2011 மாடல். ஏஇஎஸ்-என்ஐ கிடையாது. பென்டியம், செலரான் பக்கமெல்லாம் இன்னும் பல வருஷம் கழிச்சுத்தான் வந்துச்சு. செகண்ட் ஹேண்ட்ல லேப்டாப் வாங்கறவங்க, ஐ3ன்னு சொன்ன உடனே தலையாட்டாம எத்தனாவது தலைமுறைன்னு கேளுங்க.

பாக்குறது எப்படின்னா, சிபியு-இசட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதை ஓப்பன் பண்ணா முதல் பக்கத்துலயே இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்னு ஒரு வரி இருக்கும், அந்த வரிசைல ஏஇஎஸ்னு இருந்தா சந்தோஷம். இல்லைன்னா கணக்கு முழுக்க சாதாரண முறைல போடணும், ப்ராசஸர் திணறும்.

டிஸ்க்குக்கு டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் டேப் போனா எச்டிடியா (உள்ள தட்டு சுத்துற பழைய ரகம்), எஸ்எஸ்டியா (சுத்துற பாகமே இல்லாத, வேகமான சிப் ரகம்)ன்னு அங்கயே எழுதியிருக்கும்.

இப்ப உங்க ரகத்தை கண்டுபிடிங்க. ஏஇஎஸ் இருக்கு, சாட்டாங்கிற பழைய இணைப்புல வர்ற எஸ்எஸ்டின்னா கண்ணை மூடிட்டு போடுங்க. ஏன்னா சாட்டா எஸ்எஸ்டி அதிகபட்சம் செகண்டுக்கு 550 எம்பி பக்கம்தான் குடுக்கும், ஏஇஎஸ் உள்ள ப்ராசஸரோட ஒத்தை கோரே ஆயிரம் எம்பிக்கு மேல பூட்டித் திறக்கும், அதனால ப்ராசஸர் சும்மா காத்துக்கிட்டுத்தான் இருக்கும். ஏஇஎஸ் இருக்கு, சாட்டாவை விட வேகமான என்விஎம்இ ரக எஸ்எஸ்டின்னா டெஸ்ட் போட்டுப் பாத்தா குறைஞ்சது தெரியும், வேலை செய்யறப்போ தெரியாது. எச்டிடியா இருந்தா, ப்ராசஸர் எதுவா இருந்தாலும், போட்டு முடிச்ச பிறகு பெருசா வித்தியாசம் இருக்காது, ஆனா போட்டு முடிக்கிற வரைக்கும் உயிர் போகும். ஏஇஎஸ் இல்லாத ப்ராசஸர்ல எஸ்எஸ்டி போட்டிருந்தா, அங்கதான் நிஜமாவே அடி விழும், அதைப் பத்தி கீழ தனியா சொல்றேன்.

இன்னொண்ணு, ரேம். 4 ஜிபி ரேம்ல டேலி, குரோம், எக்ஸல் மூணையும் திறந்து வெச்சா விண்டோஸ் இடம் பத்தாம டிஸ்க்ல போய் எழுதிட்டு எழுதிட்டு வரும், அந்த ஒவ்வொரு போக்குவரத்துக்கும் இனிமே பூட்டுறதும் திறக்கறதும் சேர்ந்துக்கும். பழைய மெஷின்ல என்கிரிப்ஷன் போட்டு ஸ்லோ ஆயிருச்சுன்னு புலம்புறவங்ககிட்ட முதல்ல ரேம் எவ்வளவுன்னு கேளுங்க.

2. ஏற்கனவே போட்டிருக்கான்னு பாருங்க, சிரிக்காதீங்க

சமீபத்துல புது லேப்டாப் வாங்கியிருந்தா உங்களுக்கே தெரியாம என்கிரிப்ஷன் ஆன்ல இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். விண்டோஸ் 11ல 2024 கடைசில வந்த 24எச்2 வெர்ஷன்ல இருந்து, புதுசா இன்ஸ்டால் பண்ணி மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு லாகின் பண்ணா ஹோம் எடிஷன்ல கூட அதுவே ஆன் ஆயிருது. செட்டிங்ஸ் போய் ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதுக்குள்ள டிவைஸ் என்கிரிப்ஷன் பாருங்க.

என்னோட புது லேப்டாப், ரைசன் 5, என்விஎம்இ எஸ்எஸ்டி போட்டது, வாங்கி எட்டு மாசமா என்கிரிப்ஷன்லயேதான் ஓடிட்டு இருந்திருக்கு. அதை நான் "என்ன வேகம் பாருங்க"ன்னு எல்லார்கிட்டயும் காட்டிட்டு வேற இருந்தேன்.

இதுல ஒரு பெரிய பொறி இருக்கு. ரெக்கவரி கீ, அதாவது பூட்டு தானா திறக்கலைன்னா கேக்குற அவசர சாவி, யாரோட மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டை போட்டு முதல்ல லாகின் பண்ணாங்களோ அவங்க அக்கவுண்டுக்குத்தான் போகும். கடைல "செட் பண்ணி குடுத்துர்றோம் அண்ணா"ன்னு பையன் அவனோட மெயில் ஐடியவோ கடை ஐடியவோ போட்டிருந்தா, உங்க டிஸ்க்கோட சாவி அவன் வீட்ல இருக்கு. எனக்கு தெரிஞ்ச ஒரு அக்காவுக்கு இதேதான் நடந்துச்சு, மதர்போர்டு மாத்தின அன்னைக்கு நீல ஸ்க்ரீன்ல 48 இலக்க நம்பர் கேட்டப்போதான் விஷயமே தெரிஞ்சுது, செட் பண்ணின பையன் வேலைய விட்டுப் போய் ஒரு வருஷம் ஆச்சு. உங்க அக்கவுண்ட்ல டிவைசஸ் பக்கத்துல போய் பிட்லாக்கர் கீ இருக்கான்னு இன்னைக்கே பாத்துருங்க.

இன்னொரு குழப்பம், சில மெஷின்ல டிஸ்க் 100 சதவீதம் என்கிரிப்ட் ஆயிருக்கும், ஆனா ப்ரொடெக்ஷன் ஆஃப்னு காட்டும். லோக்கல் அக்கவுண்ட் போட்டு யூஸ் பண்றவங்களுக்கு இப்படி வரும். பூட்டு போட்டு சாவியை பூட்டுலயே தொங்க விட்ட மாதிரி. வேகத்துல என்ன குறையணுமோ அது குறைஞ்சிருச்சு, பாதுகாப்பு மட்டும் வரல.

3. எடுத்து வைக்க வேண்டிய பேப்பர்

இதை முடிக்காம அடுத்த ஸ்டெப்புக்கு போகாதீங்க. தயவு செஞ்சு.

பேக்கப் முதல்ல. டேலி டேட்டா ஃபோல்டர், எக்ஸல், ஸ்கேன் பண்ணின பில், டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) சம்பந்தப்பட்டது எல்லாம் வெளி டிஸ்க்ல ஒரு காப்பி. பிட்லாக்கர் பாதில கரண்ட் போனாலும் விட்ட இடத்துல இருந்து தொடரும், நல்லாவே தாங்கும். ஆனா ஏற்கனவே பேட் செக்டர் விழுந்த, அதாவது அங்கங்க கெட்டுப்போன பழைய டிஸ்க்கை இது மூலை முடுக்கெல்லாம் படிச்சு திருப்பி எழுதும், சாகக் கிடக்குற டிஸ்க் அன்னைக்குத்தான் சாகும். என்கிரிப்ஷன் போட்ட டிஸ்க் போச்சுன்னா டேட்டா ரெக்கவரி கடையிலயும் ரொம்ப கஷ்டம், சாவி இல்லாம வாய்ப்பே இல்ல.

அடுத்து ரெக்கவரி கீ. 48 இலக்கம். போடுற நேரத்துல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டா, ஃபைலா, பிரிண்டான்னு கேக்கும். ரெண்டு வழியாவது எடுங்க. ஃபைலா சேவ் பண்ணா பூட்டப் போற அதே டிஸ்க்ல சேவ் பண்ண விண்டோஸ் விடாது, ஆனா நம்மாளுங்க பிரிண்ட் குடுத்து பிடிஎஃப்பா அதே டெஸ்க்டாப்ல சேவ் பண்ணிருவாங்க, அப்புறம் பெட்டிக்குள்ள சாவிய வெச்சு பெட்டியை பூட்டின கதை. நான் காகிதத்துல ரெண்டு பிரிண்ட் எடுத்து ஒண்ணு பீரோவுல பத்திரத்தோட, ஒண்ணு தம்பி வீட்ல வெச்சிருக்கேன். லேப்டாப் பேக்லயே வைக்காதீங்க, திருடன் பேக்கோடதான் எடுத்துட்டு போவான்.

பிரிண்ட்ல கீ ஐடின்னு ஒண்ணு இருக்கும். ரெண்டு மூணு மெஷின் இருந்தா எந்த கீ எந்த மெஷினுக்குன்னு அந்த ஐடியோட முதல் எட்டு எழுத்தை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும், அதனால காகிதத்து மேல பேனாவுல மெஷின் பேரை எழுதி வைங்க.

4. போடறதுக்கு முன்னாடி அளங்க

நான் பண்ணாத விஷயம் இது. முன்னாடி அளக்காததால, போட்ட பிறகு வந்த ஸ்லோ எல்லாத்தையும் பிட்லாக்கர் தலைல கட்டினேன்.

கிரிஸ்டல் டிஸ்க் மார்க்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், ஓட்டினா நாலு வரி நம்பர் வரும். எல்லாரும் மேல இருக்குற பெரிய நம்பரைத்தான் பாப்பாங்க, அது பெரிய ஃபைல் ஒண்ணை நேரா காப்பி பண்ற வேகம். நமக்கு வேண்டியது கடைசி வரி, 4கே, க்யூ1டி1. சின்ன சின்ன துண்டா, ஒண்ணு முடிஞ்சா அடுத்ததுன்னு படிக்கிற வேகம். டேலி ஓப்பன் ஆகறது, விண்டோஸ் பூட் ஆகறது, குரோம் எழுந்திரிக்கிறது எல்லாம் இந்த மாதிரி வேலைதான். அந்த ஸ்க்ரீனை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. கூடவே மொபைல் ஸ்டாப்வாட்ச் வெச்சு, பவர் பட்டன் அமுக்கினதுல இருந்து டெஸ்க்டாப் வர எத்தனை செகண்ட், உங்களோட பெரிய கம்பெனி டேலில லோடாக எத்தனை செகண்ட்னு எழுதி வைங்க. மூணு தடவை அளந்து நடுவுல வர்றதை எடுத்துக்கோங்க, ஏன்னா முதல் தடவைக்கும் ரெண்டாவதுக்கும் எப்பவுமே வித்தியாசம் இருக்கும்.

5. போடுறது, அதுல கேக்குற கேள்விங்க

முழு பிட்லாக்கர் ப்ரோ எடிஷன்லதான் இருக்கு. ஹோம்ல டிவைஸ் என்கிரிப்ஷன்னு சின்ன வடிவம், ஒரே ஒரு பட்டன், மேல சொன்ன செட்டிங்ஸ்லயே ஆன் பண்ணலாம். ஹோம்ல அந்த ஆப்ஷனே காட்டலைன்னா உங்க ஹார்டுவேர் அதுக்கு தோதுப்படலைன்னு அர்த்தம்.

ப்ரோன்னா கண்ட்ரோல் பேனல்ல பிட்லாக்கர்னு தேடி டர்ன் ஆன் குடுங்க. பழைய மெஷின்ல டிபிஎம் சிப் (சாவியை பத்திரமா வெச்சிருக்குற சிப்) இல்லைன்னு சொல்லி நிறுத்திரும். அப்போ குரூப் பாலிசி எடிட்டரை திறந்து, ஆபரேட்டிங் சிஸ்டம் டிரைவ்ஸ் பகுதில ஸ்டார்ட்டப் நேரத்துல கூடுதல் அத்தாட்சி கேக்குற பாலிசி ஒண்ணு இருக்கு, அதை எனேபிள் பண்ணி டிபிஎம் இல்லாம அனுமதின்னு இருக்குற டிக்கை போடுங்க. அப்புறம் ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி ஒரு பாஸ்வேர்ட் கேக்கும், அல்லது பென் டிரைவ் சொருகணும். இதனால பூட் லேட் ஆகுதுன்னு சொல்றவங்க இருக்காங்க, அது நீங்க பாஸ்வேர்ட் அடிக்கிற நேரம்ங்க.

அடுத்து, யூஸ் பண்ணின இடம் மட்டுமா, முழு டிஸ்க்கான்னு கேக்கும். புது டிஸ்க், புது விண்டோஸ்னா யூஸ் பண்ணின இடம் மட்டும் போதும், எஸ்எஸ்டின்னா பத்து இருபது நிமிஷத்துல முடிஞ்சிரும், அதுக்கப்புறம் புதுசா எழுதுறதெல்லாம் பூட்டியேதான் எழுதும். ஏற்கனவே வருஷக்கணக்கா ஓடின டிஸ்க்னா நீங்க டெலீட் பண்ணின பழைய ஃபைலோட மிச்சம் காலி இடத்துல அப்படியே கிடக்கும், அதையும் பூட்டணும்னா முழு டிஸ்க்தான். கிளையண்ட் டேட்டா இருந்த டிஸ்க்னா முழுசா போடுங்க, நேரம் ஆனாலும் பரவாயில்ல.

அப்புறம் புது மோடா கம்பேட்டிபிள் மோடான்னு கேக்கும். உள்ள இருக்குற டிஸ்க்குக்கு புது மோட். பழைய விண்டோஸ் மெஷின்லயும் சொருகப் போற வெளி டிஸ்க்குக்கு மட்டும் கம்பேட்டிபிள்.

128 பிட்டா 256 பிட்டான்னு இங்க கேக்காது, தானா 128 எடுத்துக்கும், குரூப் பாலிசில மாத்தலாம். யாராவது 256தான் சேஃப்னு சொல்லி மாத்தச் சொன்னா, ஃபார்ம்ல அப்படி கேட்டிருந்தா மட்டும் மாத்துங்க. 128ல ஒவ்வொரு துண்டையும் பத்து சுத்து சுத்தணும், 256ல பதினாலு சுத்து. ஏஇஎஸ்-என்ஐ இருக்குற மெஷினுக்கு இது தூசு. என் ஐ3 மாதிரி ஆளுக்கு ஏற்கனவே மூச்சு வாங்குது, மேல நாலு சுத்து எதுக்கு.

சிஸ்டம் செக் ஓட்டவான்னு ஒரு டிக் இருக்கும். ஓட்டுங்க. ரீஸ்டார்ட் ஆகி கீயை ஒழுங்கா படிக்க முடியுதான்னு பாத்துட்டுத்தான் பூட்ட ஆரம்பிக்கும், அந்த ரெண்டு நிமிஷத்தை மிச்சம் பிடிக்காதீங்க.

6. ஓடிட்டு இருக்கும்போது

எனக்கு நடந்ததுக்கு வர்றேன். ராத்திரி ஒன்பதுக்கு போட்டது காலைல 34லயே ஏன் நின்னுச்சுன்னா, சார்ஜர் போட்டிருந்தும் அரை மணி நேரத்துல தூங்கற மாதிரி பவர் செட்டிங் இருந்துருக்கு. லேப்டாப் தூங்கினா பிட்லாக்கரும் தூங்கும். நான் எட்டு மணி நேரம் தூங்கினேன், அதுவும் கிட்டத்தட்ட எட்டு மணி நேரம் தூங்கிருக்கு. அதனால ஸ்லீப்பை நெவர்னு வெச்சுட்டு, மூடியை மூடினாலும் ஒண்ணும் பண்ணாதேன்னு வெச்சுட்டு, சார்ஜரை சொருகிட்டு ஆரம்பிங்க.

அடுத்து டேலி ஏன் அப்படி தவழ்ந்துச்சுன்னா, எச்டிடிக்குள்ள ஒரே ஒரு ஊசிதான் அங்கயும் இங்கயும் ஓடி ஓடி படிக்கணும். பிட்லாக்கர் அதை வரிசையா இழுத்துட்டு போய் ஒவ்வொரு பகுதியா படிச்சு பூட்டி திருப்பி எழுத வைக்குது, நடுவுல நான் லெட்ஜர் கேட்டா ஊசி அந்த வேலையை விட்டுட்டு இங்க ஓடி வரணும், திரும்ப அங்க போகணும். ஒரே சமையக்காரர்கிட்ட கல்யாண பந்திக்கு சமைக்கச் சொல்லிட்டு நடுவுல எனக்கு மட்டும் ஒரு தோசை ஊத்துங்கன்னு கேட்டா ரெண்டும் லேட்டாகத்தான் செய்யும். அது பூட்டுற வேலை நடக்குற வரைக்கும் வர்ற ஸ்லோ, முடிஞ்சதும் போயிரும். இதைத்தான் பாதி பேர் நிரந்தரமான ஸ்லோன்னு நம்பி பாதிலயே டர்ன் ஆஃப் குடுத்துருவாங்க, அப்போ அது பூட்டின வரைக்கும் மறுபடி ஒவ்வொண்ணா திறக்க ஆரம்பிக்கும், இன்னும் பல மணி நேரம். அவசரம்னா பாஸ், அதாவது கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கிற பட்டன் இருக்கு, வேலையை முடிச்சுட்டு மறுபடி ரெஸ்யூம் குடுங்க.

நேரக் கணக்கு: 500 ஜிபி எச்டிடி முழுசா போட்டா ஒரு ராத்திரி முழுக்க ஒதுக்குங்க, முடியலைன்னா அடுத்த நாளும் ஓடும். எஸ்எஸ்டில முழுசா போட்டாலும் சில மணி நேரத்துல முடியும். சனிக்கிழமை சாயங்காலம் ஆரம்பிங்க. மாசத்துல 11ஆம் தேதிக்கு முன்னாடி, 20ஆம் தேதிக்கு முன்னாடி, மார்ச், செப்டம்பர் மாசக் கடைசி, இந்த நாளெல்லாம் வேண்டவே வேண்டாம். வெளி யுஎஸ்பி டிஸ்க்குக்கு போடுறீங்கன்னா முடியிற வரைக்கும் கேபிள் பக்கம் குழந்தைங்களை விடாதீங்க.

7. முடிஞ்ச பிறகு திரும்ப அளங்க

ரீஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிஷம் சும்மா விட்டு, அதே டெஸ்ட், அதே ஸ்டாப்வாட்ச்.

எனக்கு வந்ததை சொல்றேன், உங்களுக்கு கொஞ்சம் முன்னப்பின்ன வரும். ரைசன் லேப்டாப்ல என்கிரிப்ஷனை எடுத்துட்டு ஒரு தடவை, போட்டுட்டு ஒரு தடவை அளந்தேன், பெரிய ஃபைல் வேகத்துல சொல்லிக்கிற மாதிரி எதுவும் குறையல, 4கே கடைசி வரில 52 இருந்தது 44 ஆச்சு. நம்பரா பாத்தா கண்ணை உறுத்தும். டேலி லோடாகற நேரத்துல ஸ்டாப்வாட்ச்ல எனக்கு வித்தியாசமே பிடிபடல.

அந்த வரில மட்டும் ஏன் குறையுதுன்னா, என்விஎம்இ டிஸ்க் அவ்வளவு சீக்கிரம் பதில் சொல்லிருது, அதனால பூட்டைத் திறக்குற துளி நேரம் கூட கணக்குல பெருசா தெரியுது. மாட்டு வண்டில போறவனுக்கு சுங்கச்சாவடில நிக்கிற ரெண்டு நிமிஷம் ஒரு விஷயமே இல்ல, பைபாஸ்ல நூறுல வர்றவனுக்குத்தான் அது எரிச்சல். இதை வெச்சுத்தான் "பிட்லாக்கர் எஸ்எஸ்டியை 45 சதவீதம் ஸ்லோ ஆக்குது"ன்னு ஒரு ஃபார்வர்டு சுத்திட்டு இருக்கு. அந்த நம்பர் பொய் இல்ல, 2023ல ஒரு உயர் ரக என்விஎம்இ டிஸ்க்ல டெஸ்ட் போட்டதுல வந்ததுதான், ஆனா 45 வரைக்கும்னு வந்தது, எல்லா வேலைலயும் 45ன்னு இல்ல, ரேண்டமா துண்டு துண்டா எழுதற ஒரு டெஸ்ட்ல வந்த உச்சம். வீடியோ எடிட்டிங், டேட்டாபேஸ் சர்வர், பெரிய சாஃப்ட்வேர் கம்பைல் பண்றவங்க இதை யோசிக்கணும். கணக்கு எழுதுறவங்க யோசிக்க வேண்டியதில்ல.

இப்போ என் ஐ3. எச்டிடியோட இருந்தப்போ முடிஞ்ச பிறகு அளந்தா படிக்கிற வேகம் 90 சொச்சம். அந்த வயசு லேப்டாப் டிஸ்க் சாதாரணமாவே குடுக்குறது அவ்வளவுதான். ப்ராசஸர் மட்டும் காப்பி பண்றப்போ கொஞ்சம் ஏறுச்சு, ஃபேன் சத்தம் போட்டுச்சு. அப்புறம் எச்டிடியை கழட்டிட்டு சாட்டா எஸ்எஸ்டி போட்டேன். பூட்டு இல்லாம 500க்கு மேல வந்துச்சு, பூட்டு போட்டதும் 200க்கு கீழ வந்துருச்சு, ப்ராசஸர் நூறுல நிக்குது. சதவீதமா பாத்தா பயங்கரமான அடி. ஆனா என்னன்னா, அந்த அடி வாங்கின எஸ்எஸ்டியும் பழைய எச்டிடியை விட அவ்வளவு வேகமா இருந்துச்சு, விண்டோஸ் ரெண்டு நிமிஷத்துக்கு மேல எடுத்துக்கிட்டது அரை நிமிஷத்துல வருது. என்கிரிப்ஷனால 60 சதவீதம் போச்சுன்னு அழறதா, லேப்டாப் பிழைச்சுருச்சுன்னு சிரிக்கறதா. நான் சிரிச்சேன்.

அதனால பழைய மெஷினுக்கு என்கிரிப்ஷன் கட்டாயம்னா, முதல்ல எஸ்எஸ்டி மாத்திட்டு அதுல புதுசா விண்டோஸ் போட்டு, காலியா இருக்கும்போதே யூஸ் பண்ணின இடம் மட்டும்னு குடுத்து பூட்டுங்க. எச்டிடில ராத்திரியெல்லாம் ஓட்டி அவஸ்தைப்பட்டு அப்புறம் எஸ்எஸ்டி மாத்தின என்னை மாதிரி ரெண்டு தடவை செய்யாதீங்க.

போட்ட பிறகும் ஸ்லோவா இருந்தா டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் யாரு நூறுல வெச்சிருக்காங்கன்னு பாருங்க. என் கேஸ்ல பாதி நேரம் ஆன்ட்டிவைரஸ், அதுவும் ரெண்டு. பழசோட சந்தா முடிஞ்சும் எடுக்காம விட்டிருந்தேன்.

8. பயோஸ் அப்டேட் வந்தா

இதை தனியா சொல்லணும், ஏன்னா வேகத்தை விட இதுலதான் ஜனங்க அழறாங்க. டிபிஎம் சிப், மெஷின் நேத்து இருந்த மாதிரியேதான் இன்னைக்கும் இருக்கான்னு பாத்துட்டுத்தான் சாவியைக் குடுக்கும். பயோஸை (விண்டோஸுக்கு முன்னாடி மெஷினை எழுப்பி விடுற உள் சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணினாலோ, செக்யூர் பூட் செட்டிங்கை மாத்தினாலோ, மதர்போர்டு மாத்தினாலோ அது சந்தேகப்பட்டு 48 இலக்கத்தை கேக்கும். அப்டேட்டுக்கு முன்னாடி கண்ட்ரோல் பேனல்ல சஸ்பெண்ட் ப்ரொடெக்ஷன்னு குடுங்க. டர்ன் ஆஃப் குடுத்துராதீங்க, அது டிஸ்க் முழுக்க திறந்து எழுதிட்டு உக்காந்திருக்கும். சஸ்பெண்ட் ஒரு செகண்ட் வேலை, அப்டேட் முடிஞ்சு வந்ததும் ப்ரொடெக்ஷன் மறுபடி ஆன் ஆயிருச்சான்னு மட்டும் பாருங்க. சர்வீஸ் சென்டருக்கு குடுக்கும்போதும் இதைச் சொல்லிக் குடுங்க, கீ இல்லாம அவங்க "ஃபார்மேட் பண்ணிரலாம் சார்"னு ரொம்ப சுலபமா சொல்லிருவாங்க.

9. செலவு

பிட்லாக்கருக்குன்னு தனி காசு இல்ல, ப்ரோ லைசன்ஸ் இருந்தா அதுக்குள்ளயே இருக்கு. ஹோம்ல இருந்து ப்ரோவுக்கு மாறணும்னா மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல விலை காட்டும், அதை கட்டறதுக்கு முன்னாடி உங்க ஹோம்ல டிவைஸ் என்கிரிப்ஷன் இருக்கான்னு பாருங்க, இருந்தா அதே பூட்டுதான், காசு வேஸ்ட். முந்நூறு ரூபாய்க்கு ப்ரோ கீ தர்றேன்னு வர்றவங்ககிட்ட வாங்கி கிளையண்ட் ஆடிட்ல பில் கேட்டா என்ன காட்டுவீங்க. எனக்கு ஆன நிஜ செலவு எஸ்எஸ்டிக்கு மூவாயிரத்து சொச்சம், ரேமுக்கு ஆயிரத்துக்குள்ள, பென் டிரைவ், பிரிண்ட் எல்லாம் சில்லறை.

சில எஸ்எஸ்டில ஹார்டுவேர் என்கிரிப்ஷன் உள்ளயே இருக்கு, அதுல வேகம் குறையாதுன்னு சொல்லி விப்பாங்க. 2018ல நெதர்லாந்துல ராட்பவுட் யுனிவர்சிட்டி ஆளுங்க பல எஸ்எஸ்டில அந்தப் பூட்டை சாவி இல்லாமலே திறந்து காட்டினாங்க, அடுத்த வருஷமே பிட்லாக்கர் அதை நம்பறதை விட்டுட்டு தானே பூட்டுற மாதிரி மாத்திட்டாங்க. அதுக்காக கூடுதலா காசு குடுக்காதீங்க.

மேக், லினக்ஸ் ஆளுங்களுக்கு

மேக்ல எம்1 முதல் எந்த சிப்பா இருந்தாலும், அதுக்கு முந்தின டி2 சிப் வெச்ச மாடலா இருந்தாலும், டிஸ்க் எப்பவுமே பூட்டித்தான் இருக்கும், ஃபைல்வால்ட் ஆன் பண்ணா உங்க பாஸ்வேர்டை அதுல சேக்குது அவ்வளவுதான். உடனே முடியும், வேகம் குறையாது, யோசிக்காம போடுங்க.

லினக்ஸ்ல இன்ஸ்டால் பண்ணும்போதே லக்ஸ் (லினக்ஸோட பிட்லாக்கர் மாதிரி) என்கிரிப்ஷன் டிக் போடுறதுதான் புத்திசாலித்தனம், ஏற்கனவே ஓடிட்டு இருக்குறதுல பின்னாடி போடறது பெரிய தலைவலி. கிரிப்ட்செட்டப் பெஞ்ச்மார்க்னு ஒரு கமாண்ட் இருக்கு, டிஸ்க்கை தொடாம உங்க ப்ராசஸர் செகண்டுக்கு எவ்வளவு பூட்டும்னு ரேம்லயே அளந்து சொல்லிரும், ஏஇஎஸ் எக்ஸ்டிஎஸ் வரியைப் பாருங்க, அந்த நம்பர் உங்க டிஸ்க் வேகத்தை விட பெருசா இருந்தா கவலை இல்ல. பாஸ்வேர்ட் அடிச்ச பிறகு ரெண்டு செகண்ட் யோசிக்கிறது திருடன் ஆயிரம் பாஸ்வேர்டை அடிச்சு பாக்காம இருக்க வேணும்னே வெச்ச தாமதம், ஸ்லோ கிடையாது. எஸ்எஸ்டின்னா ட்ரிம் (எந்த இடம் காலியாயிருச்சுன்னு எஸ்எஸ்டிக்கு சொல்ற ஏற்பாடு) வேலை செய்யுதான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க, சும்மா விட்டா லக்ஸ் அதை கடத்தி விடாது.

10. கிளையண்டுக்கு ஆதாரம்

கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினா திறந்து மேனேஜ்-பிடிஈ கமாண்டை ஸ்டேட்டஸ் ஆப்ஷனோட குடுத்தா ஒரு பட்டியல் வரும். அதுல மூணு வரி தெரியணும்: 100 சதவீதம் என்கிரிப்ட் ஆயிருக்குங்கிறது, முறை எக்ஸ்டிஎஸ் ஏஇஎஸ் 128ங்கிறது, ப்ரொடெக்ஷன் ஆன்ங்கிறது. அதை மெஷின் பேரு, தேதி தெரியிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ஒவ்வொரு மெஷினுக்கும் ஒண்ணுன்னு ஒரே பிடிஎஃப்பா அனுப்புங்க. ஃபார்ம்ல கேக்கறதும் பெரும்பாலும் இதுதான்.

அதே கமாண்ட்ல ப்ரொடெக்டர்ஸ்னு இன்னொரு ஆப்ஷன் இருக்கு, அதைக் குடுத்தா 48 இலக்க ரெக்கவரி பாஸ்வேர்டே ஸ்க்ரீன்ல வரும். நான் ஆர்வக்கோளாறுல அதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து சேத்து அனுப்பிட்டேன். அவங்க ஆளு ஒருத்தர் ரொம்ப மரியாதையா ஃபோன் பண்ணி, "சார், உங்க வீட்டு சாவியையும் சேத்து கூரியர் பண்ணிட்டீங்க"ன்னார். அப்படி ஆயிருச்சுன்னா டிஸ்க்கை மறுபடி பூட்ட வேண்டியதில்ல, அந்தப் பழைய ரெக்கவரி பாஸ்வேர்டை டெலீட் பண்ணிட்டு புதுசா ஒண்ணு ஆட் பண்ணா போதும், ரெண்டு நிமிஷம். பீரோவுல இருக்குற காகிதத்தையும் தம்பி வீட்டு காகிதத்தையும் கிழிச்சுட்டு புதுசு வைக்க மறந்துராதீங்க.